பாட்டு போடாத கல்யாணம்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் என் கணவருக்குப் பதிலாக அவருடைய செல்போன்தான் பேசுகிறது. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான். வேண்டியதைச் செல்போனில் தட்டுவார், அது படித்துக் காட்டும். படிக்கிற குரல் யாரோ ஒரு செய்தி வாசிப்பவனுடையது. "இன்னா கொழம்பு இது, உப்பே இல்ல" என்று அவர் தட்டினால், ரயில் நிலையத்தில் அறிவிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அந்த ஆள் சொல்வான். முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் என்னோடு மல்லுக்கு நின்ற குரல் போய், ஊர் பேர் தெரியாத ஒருத்தன் என் சமையலறை வாசலில் நின்று மோர் கேட்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உதட்டசைவை வைத்துச் சில வார்த்தைகள் பிடிபடும். தண்ணி, போதும், கதவு, இந்த மாதிரி. கொஞ்சம் நீளமாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. நான் திரும்பத் திரும்பக் கேட்பேன், அவருக்குக் கோபம் வந்து செல்போனை எடுத்துவிடுவார். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அதில் பேசினால் வண்டு சத்தம்தான் வரும். ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு டப்பாவோடு பரணில் போட்டுவிட்டார்.

வாயில்லாப் பூச்சியாக இருந்த மனுஷன் என்றால்கூட மனசு ஆறும். இவர் தொண்டையை வைத்துப் பிழைத்தவர். கல்யாண வீடியோ எடுத்தார். மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு என்று மண்டபம் மண்டபமாகக் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது மேடையில் நிற்கிற கூட்டத்தைக் கேமரா பக்கம் திருப்புவது லேசான வேலை இல்லை. "மாமா, நீங்க இன்னா கோர்ட்டுக்கா வந்துகீறீங்க? கொஞ்சம் சிரிங்க" என்பார். மாப்பிள்ளையைப் பார்த்து, "நைனா, பொண்ணு இந்தப் பக்கம் கீது, நீ சாப்பாட்டு ஹாலையே பாத்துக்கினு கீறியே" என்பார். மயிலாப்பூர் மாமிகள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் அவர்களும் சிரித்துவிடுவார்கள். லைட் பிடிக்கிற ஆள் வராத நாட்களில் நான் போய்ப் பிடித்திருக்கிறேன். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தேன். நான் விரித்துக் காட்டிய புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் மேடையில் நிற்பாள். அவள் முகத்தில் சிரிப்பை வரவழைப்பது இவர் வேலையாக இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மண்டபத்தில் அத்தனை பேசுகிறவர் வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊமையாகிவிடுவார். அந்தக் கம்ப்யூட்டரை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய பெட்டி. திறந்தால் ஒரு பச்சை மேடும் நீல வானமும் வரும், அதைக்கூட மாற்றவில்லை. டேப்பைக் கேமராவில் ஓடவிட்டு ஒயர் வழியாக அதில் இறக்குவார். ஒரு மணி நேர டேப் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. பிறகு வெட்டுவார், ஒட்டுவார், பாட்டு சேர்ப்பார். அதற்குப் பிறகுதான் டிவிடி. முதலில் திரையில் ஒரு முகப்பு வரவேண்டும். இதயத்துக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும், அவர்களுக்குக் கீழே நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று பொத்தான்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போகவேண்டும் என்று ஒவ்வொன்றாக இணைக்கவேண்டும். ஒன்று தப்பினால் தாலி கட்டுவதைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் பந்தியில் போய் விழுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் டிவிடி தட்டில் பதிவு செய்வார். பழைய பிளேயரிலும் ஓடவேண்டும் என்று வேகத்தை ஆகக் குறைத்து வைப்பார். அந்த நேரத்தில் நான் மிக்ஸி போடக்கூடாது. கரண்டு கொஞ்சம் ஆடினால் தட்டு போச்சு. அவர் டிவிடி போடுகிற நாளில் எங்கள் வீட்டில் சட்னி கிடையாது, இட்லிக்குப் பொடிதான்.

மற்றவர்கள் எல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். இவர் மாறவில்லை. டிவிடி செய்கிற அந்த மென்பொருள் புதியதில் உட்கார மாட்டேன் என்றது. கேமரா ஒயரைச் செருகப் புதியதில் ஓட்டையே இல்லை. வைரஸ் வந்துவிடும் என்று இந்தப் பெட்டிக்கு இன்டர்நெட்டும் கொடுக்கவில்லை. நாங்கள் இருப்பது சைதாப்பேட்டையில், ஆற்றங்கரைக்குப் பக்கத்துத் தெரு. ஆற்றில் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் வந்த வருஷம் இவர் முதலில் தலையில் தூக்கி வைத்தது இந்தப் பெட்டியைத்தான். என் கல்யாணப் புடவை பீரோவின் கீழ்த்தட்டில் நனைந்து நாசமாகப் போனது. நான் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன். அவர், "பொடவ உன் கடையில நூறு கீது, இது மாதிரி பொட்டி ஒண்ணுதான் கீது" என்பார்.

பிறகு டிவிடியே வேண்டாம் என்கிற காலம் வந்தது. பென் டிரைவ், செல்போன் என்று எல்லோரும் போய்விட்டார்கள். இவர் கேமராவை மிச்சமிருந்த டேப்புகளோடு சேர்த்து விற்றுவிட்டு, கோர்ட்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போனார். பெட்டியை மட்டும் துணி போட்டு மூடி வைத்துக்கொண்டார். அங்கே வேலை செய்யும்போதுதான் குரல் கம்மத் தொடங்கியது. ஜெராக்ஸ் மெஷின் தூசி என்றார், மிளகு ரசம் வைக்கச் சொன்னார். நானும் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு முழுக்கக் காற்றாக ஆகிவிட்டிருந்தது. பேசச் சொல்லிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருந்தாலும், பதிவு செய்ய அவரிடம் குரல் இல்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் அந்தச் செல்போன் குரலைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அவர் நல்லா பேசின காலத்து ரெக்கார்டிங் ஏதாவது இருக்காம்மா? கொஞ்ச நிமிஷம் தெளிவா இருந்தா போதும். இப்பல்லாம் அத வெச்சு, அவரு டைப் பண்றத அவரு குரல்லயே செல்போன பேசவெக்கலாம்" என்றாள். வீடியோக்காரர் வீட்டிலா பதிவுக்குப் பஞ்சம் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தேன். அவர் கையை விரித்துக் காட்டினார். அதை நான் சட்டை செய்யவில்லை.

செல்போன்களில் ஒன்றும் இல்லை. பேசி அனுப்புகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. கட்டைவிரல் படம் அனுப்புவார், அதிகம் போனால் 'ஓகே'. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதிவு, மாம்பலம் ஸ்டேஷனில் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு என்னை, "தே, வெளிய வா" என்று கத்திக் கூப்பிட்டது. அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். இது போதாதும்மா, பின்னால் ரயில் சத்தம்தான் இருக்கிறது என்றாள்.

அதனால் சக்களத்தியின் மேல் கிடந்த துணியை எடுத்தேன். அவர் செய்த ஒவ்வொரு டிவிடியிலும் ஒரு நகல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். மத்தியானம் அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டேன். தட்டு உள்ளே போனால் கதவு தானாகத் திறக்காது, பின்னூசியால் குத்தவேண்டும். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே பார்த்ததில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

எல்லாவற்றிலும் பாட்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, மாலை மாற்றும்போது ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு கும்மாளப் பாட்டு, பெண்ணை அனுப்பும்போது அழுகைப் பாட்டு. வாய் அசைகிறது, கை ஆடுகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. சாந்தோமில் சர்ச்சுக்குள் நடந்த கல்யாணத்திலாவது இருக்கும் என்று தேடி எடுத்தேன். அதில் பியானோ. நம் ஊரில் கல்யாண வீடியோ என்றால் அப்படித்தான். யாருக்கு வேண்டும் மண்டபத்து இரைச்சல்? ஒரே ஒரு தடவை, அடையாறில் ஒரு வரவேற்புக்கு, நிஜச் சத்தத்தை அப்படியே விட்டுக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து டிவியில் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை யாரிடமோ, "சீர்ப் பாத்திரம்லாம் தகரம் மாதிரி இருக்கு" என்றது கணீரென்று கேட்டிருக்கிறது. பெண் வீட்டார் எங்கள் வாசலுக்கே சண்டைக்கு வந்து, தங்கள் தட்டையும் எங்கள் நகலையும் உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அவர், "படம் போதும், சத்தமே வேணாம் சாமி" என்று ஆகிவிட்டார்.

பாட்டுக்கு அடியில் நிஜச் சத்தம் எங்காவது ஒளிந்திருக்குமா என்று பார்க்க, கம்ப்யூட்டருக்குள் அவர் வேலை செய்து வைத்திருந்த கோப்புகளைத் திறந்தேன். வரிசை வரிசையாகக் கட்டங்கள் வந்தன. எல்லாம் காலி. அசல் படத்தைக் காணோம், எங்கே இருக்கிறது என்று அது என்னையே கேட்டது. ஒரு கல்யாணத்துக்கே பெட்டி நிறைந்துவிடும், அழித்தால்தான் அடுத்த கல்யாணத்தை இறக்க முடியும். டேப்பும் அப்படித்தான். ஒரு கல்யாணத்தின் மேல் இன்னொரு கல்யாணம், அதன் மேல் ஒரு பூப்புனித நீராட்டு. இந்த ஊரில் அத்தனை மேடைக்கு முன்னாலும் நின்று கத்திய ஆளுடைய ஒரு வார்த்தைகூட அந்த அலமாரியில் மிச்சமில்லை. அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை.

அழுது முடித்து முகம் கழுவும்போது அந்த நிக்காஹ் ஞாபகம் வந்தது. மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் போகிற பக்கம், பொத்தானும் லேஸும் விற்கிற ஒரு கடைக்காரர், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார். பெண்கள் பக்கம் ஆண் வரக்கூடாது என்றதால் இவர் என் கையில் சின்னக் கேமராவைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். நான் படமெடுத்த ஒரே கல்யாணம் அது. முடிந்ததும் பெண்ணின் அப்பா சொன்னார், "தம்பி, பாட்டு எதுவும் சேக்காதீங்க. எங்க வழக்கத்துல வேணாம். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்." இன்னொன்றும் சொன்னார். பெண்கள் முகம் இருப்பதால் நகல் எதையும் நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். அதனால்தான் எங்கள் அலமாரியில் அது இல்லை. பாட்டு இல்லை என்றால் வேலை மிச்சம்தானே என்று நான் சொன்னதும், "உனக்கு இன்னா தெரியும், இதுலதான் வேல ஜாஸ்தி" என்று அவர் எரிந்து விழுந்ததும் நினைவுக்கு வந்தது. மற்ற எந்தக் கல்யாணத்துக்கும் உட்காராத அளவுக்கு அதற்கு உட்கார்ந்தார்.

பாட்டு இல்லை என்றால் நிஜச் சத்தம் இருக்கிறது. நிஜச் சத்தம் இருந்தால் அவர் இருக்கிறார். மைக் கேமராவின் நெற்றியில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில்தான் அவர் வாய். மேடையில் இருக்கிறவர்களைவிட அவர் சத்தம்தான் பெரிதாக விழுந்திருக்கும்.

அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. செல்போனை எடுத்துத் தட்டினார். "போகாதே" என்றான் அந்தச் செய்திக்காரன். "ஏன், அவங்கள தொந்தரவு பண்ணக்கூடாதா? நான் ஒண்ணும் பிச்ச கேக்கப் போவல" என்றேன். மறுபடி தலையை ஆட்டினார். என்றைக்கு நான் சொன்னதற்குச் சரி என்று தலையாட்டியிருக்கிறார்? வீம்பு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த லேஸ் கடை இப்போது செல்போன் கடை. மேலே வீடு அப்படியே இருந்தது. கதவைத் திறந்தது அந்தக் கல்யாணப் பெண்தான். உடம்பு போட்டிருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும், "அக்கா, நீங்களா! அந்த வீடியோ அண்ணன் சம்சாரம்தானே? அண்ணன் போட்ட சத்தம் எனக்கு லேடீஸ் பக்கம் வரைக்கும் கேட்டுச்சுக்கா" என்றாள். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பீரோவிலிருந்து டிவிடி உறையை எடுத்து வந்தாள். "அத்தா மௌத்தாகி வருஷமாச்சுக்கா. இதுல அத்தா இருக்காங்க. போட்டுப் பாக்க எங்க வீட்ல ஒண்ணுமே இல்ல, பிளேயர் எப்பவோ கெட்டுப்போச்சு. உங்க கம்ப்யூட்டர்ல ஓடுச்சுன்னா எனக்கும் ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தருவீங்களா?" அவள் அப்பா, அவள் அத்தா என்று சொல்கிறவர், இறந்துபோனதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உறைக்குள் தட்டு இருந்தது. பூ மட்டும் அச்சிட்ட காகிதத்தை என் கணவர் அதன் மேல் ஒட்டியிருந்தார். கடற்காற்றின் ஈரம் பட்டு அந்தக் காகிதம் ஒரு பக்கம் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. உறையோடு அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் கூட்டம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கம்பியைப் பிடித்து நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மாள் இடித்தபோது நான் சீறிய சீற்றத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. பெட்டியைப் போட்டேன். பச்சை மேடு வந்தது. தட்டை உள்ளே தள்ளினேன். உள்ளே கர்ரென்று சுற்றி நின்றது, மறுபடி சுற்றி நின்றது, தட்டே இல்லை என்று சொன்னது. ஊசியால் குத்தி வெளியே எடுத்து, புடவைத் தலைப்பால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன். அவர் அப்படித்தான் துடைப்பார். மறுபடி தள்ளினேன். எந்தச் சாமியை வேண்டினேன் என்று நினைவில்லை. கொஞ்ச நேரம் முனகிவிட்டு, அது ஓடியது.

முகப்பு வந்தது. இதயம் இல்லை, முகம் இல்லை, நாலு பக்கமும் பூக்கொடி மட்டும். ஆண்கள், பெண்கள் என்று இரண்டு பொத்தான். ஆண்களை அழுத்தினேன்.

சத்தம் இருந்தது. அப்படியே மண்டபம் என் வீட்டுக்குள் வந்த மாதிரி. பாய் விரிக்கிற சத்தம், சாப்பாட்டுத் தட்டுகள், குழந்தைகள், ஒரு பெரியவரின் இருமல். காஜி நிதானமாகக் கேட்பதும் மாப்பிள்ளை சம்மதம் சொல்வதும் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. பெண்ணின் அத்தா யாரையோ, "வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கூப்பிட்டார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதோ இப்போது, இதோ இப்போது.

மாப்பிள்ளையின் உறவினர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். சத்தம் நின்றது. ஒரு தொப்பிக்காரர் ஏதோ கேட்டவர் மாதிரி இடது பக்கம் நகர்ந்தார். இன்னொருவர் குழந்தையை இறக்கிவிட்டார். சத்தம் மறுபடி வந்தது. தட்டு போய்விட்டது, உப்பின இடம் இதுதான் என்று நினைத்தேன். அடுத்த குடும்பம் வந்து நின்றது. கேமராவைப் பார்த்தார்கள். சத்தம் நின்றது. தலையை நிமிர்த்தினார்கள், தோளோடு தோள் சேர்ந்தார்கள். சத்தம் வந்தது.

தட்டு கெட்டுப்போயிருந்தால் படமும் சேர்ந்து உடையும், டக்கென்று அறுபடும். இங்கே படம் சுத்தமாக இருந்தது. சத்தம் மெல்லத் தணிந்து இல்லாமல் போய், மெல்ல எழுந்து வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிவிட்ட மாதிரி வழவழப்பாக. அந்தக் கைவேலை எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு இடத்தையும் அவரே தேடித் தேடி அழித்திருந்தார். அதற்குத்தான் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தார். கேமராமேன் படத்தில் தெரியவும் கூடாது, கேட்கவும் கூடாது என்பது அவர் தொழில் சுத்தம். மற்ற கல்யாணங்களில் பாட்டு மூடிவிடும். இதில் பாட்டு இல்லாததால் ஒவ்வொன்றாகக் கையால் மூடியிருக்கிறார்.

நான் பைத்தியம் மாதிரி முன்னும் பின்னும் ஓட்டினேன். ஒரு இடத்திலாவது விட்டிருக்க மாட்டாரா? ஒரு 'சிரிங்க', ஒரு 'நைனா'? விடவில்லை. பெண்கள் என்ற பொத்தானை அழுத்தினேன். அதில், "அக்கா, மொகத்த மறைக்காதீங்க, கொஞ்சம் இப்பிடி" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. என் குரல். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என் குரல் இருந்தது. ஒரு இடத்திலும் அவர் கை வைக்கவில்லை.

கட்டில் முனகுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். எப்போது எழுந்து வந்தாரோ, பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் துளைமேல் கட்டியிருந்த துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது.

"இன்னாயா பண்ணி வெச்சிகீற!" என்று கத்தினேன். "எவனாவது கேட்டானா உன்ன, அழின்னு? என் சத்தத்த மட்டும் எதுக்கு வெச்ச? இத வெச்சுக்கினு நான் இன்னாயா பண்றது? ஊர்ல இருக்கறவன் சத்தம்லாம் கீது. அந்தச் செத்துப்போன மனுஷன் சத்தம் கீது. உன்னுது மட்டும் எங்கயா கீது?"

அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது. அவர் செல்போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார். எழுந்து வந்து என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மவுஸை என் கையிலிருந்து வாங்கி, ஆண்கள் பொத்தானை அழுத்தி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டார்.

திரையில் பெண்ணின் அத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை, களைத்திருந்தார்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். சத்தம் தணிந்து நின்றது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் அசைந்தன. திரையைப் பார்த்தபடி, கண் சிமிட்டாமல், ஏதோ சொன்னார். புருவம் ஏறியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, மேடைக்கு முன்னால் நிற்கும்போது சாயுமே அப்படி. நீளமாகச் சொன்னார். சொல்லி முடித்து வாயை மூடினார். அந்த நொடியில் திரையில் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். சத்தம் திரும்பி வந்தபோது சிரிப்பு பாதியில் இருந்தது. பெண்ணின் அத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லா, இந்தத் தம்பி!" என்றார்.

எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பின்னுக்கு ஓட்டி மறுபடி காட்டினார். மறுபடி உதடுகள் அசைந்தன. மாமா என்ற மாதிரி இருந்தது, பிரியாணி என்ற மாதிரியும் இருந்தது. மிச்சம் பிடிபடவில்லை. மூன்றாவது தடவையும் ஓட்டினார். கோபப்படவே இல்லை, எனக்காக மெதுவாகக்கூடச் சொன்னார். மெதுவாகச் சொன்னதில் திரையில் அவர்கள் முந்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புரிந்துகொண்ட மாதிரி சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முக்காலியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் மோட்டார் போட வெளியே போனார்.